முதல் பக்கத்தில் அண்ணி

அத்தியாயம் பதினொன்று

இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கன்வெர்ட் ஆகி முடிந்தபோது, சுண்டுவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

மூட்டைதான். அண்ணன் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறான். நாலு மணி நேரம் டாக்சி, அப்புறம் துறைமுகம், அப்புறம் ஆறு மாதம் வெறும் தண்ணீர். சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் அவனுக்கு வேலை. வேலை முடிந்தால் படிப்பு. போன பயணத்தில் அவனுடைய பழைய ரீடர் எண்ணெய் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. புதிதாக வாங்கியதோ, பழைய ஃபார்மட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றது. ஆகவே வீட்டு லேப்டாப்பில், நூலக மென்பொருளுக்குள் அடுக்கி வைத்திருக்கும் அத்தனை இ-புக்கையும் புது ஃபார்மட்டுக்கு மாற்றுகிற வேலை தங்கை சுண்டுவின் தலையில் விழுந்தது.

தங்கைக்கு அதில் வருத்தமில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸுக்கு விளிம்பு தேய்ப்பது அவள் பிழைப்பு. மனசு குடியிருப்பதோ எங்கோ பனி கொட்டும் ஊர்களில், மொழிபெயர்ப்பு நாவல்களில். அந்த மென்பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். அட்டைப்படங்கள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வலது பக்கத்து விவரப் பட்டையை மூடிவிட்டு, திரை முழுக்க அட்டைகளாகப் பரப்பி, கடைத்தெருவில் வேடிக்கை பார்ப்பவளைப் போல மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பாள்.

அம்மா ரீடரைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இருநூறு புத்தகத்த ஏத்தியும் வெயிட் ஏறலியேடி. எல்லாம் ஏறிடுச்சா, இல்ல பாதி ஸ்டாப்லயே நிக்குதா?"

"எல்லாம் ஏறி, சீட்டு புடிச்சு உக்காந்தாச்சும்மா."

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் அம்மா. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் வாசல் கதவைச் சாத்தும்போது இரண்டு தட்டுத் தட்டித்தான் சாத்துவாள்.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். கப்பல் ஏறுமுன் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழில் ஒரு முத்திரை வாங்க வேண்டும். "குடு, அங்க ரெண்டு மணி நேரம் உக்கார வெப்பாங்க" என்று ரீடரைப் பிடுங்கிக்கொண்டான். "சுண்டு, நான் கேட்டது போட்டியா?"

"போட்டேன் மகராசா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்னாடி ஒரு பக்கம். என்ன கதை, யார் எழுதினது, எல்லாம் இருக்கும்."

போன தடவை அவன் புலம்பியது அதுதான். இருநூறு தலைப்பு வரிசையில் நிற்கிறது, எது துப்பறியும் கதை, எது அழுகாச்சி என்று நடுக்கடலில் யாரைக் கேட்பது? ஆளுக்கு நாலு வரி அறிமுகம் முன்னால் ஒட்டியிருந்தால் ஆகாதா? ஒட்டலாம் என்றது மென்பொருள். கன்வெர்ட் செய்யும் இடத்தில் ஒரு கட்டம். அதில் டிக் போட்டால், புத்தகத்துக்கு எதிரே குறிப்பு என்று எது பதிவாகியிருக்கிறதோ அது நூலின் முதல் பக்கமாகிவிடும். இணையத்திலிருந்து கதைச்சுருக்கத்தை இழுத்துக் குறிப்பில் போட்டுவைப்பதும் அந்த மென்பொருளே. சுண்டு சந்தோஷமாக டிக் போட்டாள்.

அண்ணன் போய்விட்டான். அண்ணி ஏற்கெனவே வேலைக்குப் போயிருந்தாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள்.

போன வாரம் அண்ணிக்கு ஆபீஸிலிருந்து நீள உறை ஒன்று வந்ததும், அவள் அதைப் பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டதும், அண்ணன் பார்த்தும் பாராதவனாக ஷூவுக்குப் பாலிஷ் போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உறைக்கு இன்றோடு பத்து நாள். இந்தப் பத்து நாளும் அவர்கள் இருவருக்கும் நடந்த பேச்சை எழுதினால் ஒரு போஸ்ட்கார்டில் பாதிகூட நிறையாது. 'சாவி எங்க?' 'ஆணியில.' அவ்வளவுதான். சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். இது சண்டைகூட இல்லையே என்று சுண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

டீயை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். தன் கைவேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு புத்தகத்தைத் திறந்தாள். பனிமலைக் கிராமத்துத் தபால்காரக் கிழவர் ஒருவரைப் பற்றிய நாவல். இரண்டு தடவை படித்தது.

முதல் பக்கம் வந்தது. தலைப்பு, ஆசிரியர், அதன் கீழே இது:

*'நாலு நாளில் முடித்தேன் என்றாய். எனக்குப் பதினோரு நாள் ஆனது. கிழவர் கதவைத் திறந்து வைத்துவிட்டே தூங்கப் போகிறாரே, அந்த இடத்திலேயே மூன்று நாள் நின்றுவிட்டேன். உனக்கு அந்த இடம் நினைவிருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். போனில் தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம்.'*

எந்தப் பத்திரிகைக்காரர் இப்படி மதிப்புரை எழுதுவார் என்று ஒரு கணம் வியந்தாள். மோட்டார் என்ற சொல்லில் வியப்பு நின்றது. சென்ற வருஷம் மோட்டார் கெட்டது இந்த வீட்டில்தான்.

அடுத்ததைத் திறந்தாள். அதில் ஒழுங்கான கதைச்சுருக்கம். அதற்கடுத்ததிலும் அப்படியே. நான்காவதில்:

*'உனக்குப் பிடித்தது என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும்.'*

மூடிவிட வேண்டும் என்று அறிவு சொன்னது. விரல் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்த பக்கம் புரட்டியே பழகிய விரல்.

*'இந்தக் கதையில் ஒருத்தி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள் என்று நானூறு பக்கம் தேடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.'*

அண்ணனை ஒரு நாளும் 'நீங்க' என்பதற்குக் குறைத்துக் கூப்பிடாத அண்ணி, இந்தப் பக்கங்களில் வரிக்கு வரி 'நீ' என்று எழுதியிருந்தாள். ஏழாவதாகக் கிடைத்த குறிப்பு, சமீபத்தில் வாங்கிய நாவலில் இருந்தது.

*'மலையடிவார ஊரில் புதிதாகப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள். பொறுப்பை என்னை ஏற்கச் சொல்லி உறை வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் தர வேண்டும். சரி என்று சொல்லப்போகிறேன். ஆறு மாதம் கழித்து நீ வரும்போது நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். இதை நேரில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நீ கிளம்புவதற்குள் சொல்லிவிடுவேன்.'*

டீ ஆடை கட்டியிருந்தது. சுண்டு அதை அப்படியே குடித்தாள்.

வலப்பக்கத்து விவரப் பட்டையைத் திறந்து, இணையத்திலிருந்து வராத குறிப்புகளை மட்டும் தேடச் சொன்னாள். முப்பத்தொன்று. ஏழு வருஷக் கல்யாணத்தில் முப்பத்தொரு குறிப்பு. அண்ணன் படித்துவிட்டுப் போன புத்தகங்களை அண்ணி பின்னாலேயே ஒவ்வொன்றாகப் படித்து, கதைச்சுருக்கத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவனிடம் பேசியிருக்கிறாள்.

யாருக்கும் தெரியாமல் பேசியதை எல்லாம் அழகாகக் கன்வெர்ட் பண்ணி, முகப்பில் ஒட்டி, அண்ணன் கையிலேயே கொடுத்தாயிற்று.

போனை எடுத்தாள்.

"என்ன சுண்டு?" அண்ணனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். "டோக்கன் முப்பத்தெட்டு. இப்பதான் இருபத்தொண்ணு போகுது."

"ரீடர திறந்துட்டியா?"

"பின்ன என்ன, நெத்தியில வெச்சுக்கவா வாங்கினேன்? படிச்சிட்டிருக்கேன்."

"எது?"

"அந்த உறைஞ்ச ஏரில பொணம் கெடக்குமே, அது. முன்பக்கம் சூப்பரா இருக்கு. யாரு கொலைகாரன்னு மட்டும் போடாம விட்டிருக்க, பொழைச்சே."

சுண்டு பட்டியலில் விரலை ஓடவிட்டாள். ஏரிப் பிணம் முப்பத்தொன்றில் இல்லை. மூச்சு வந்தது.

"அண்ணா, அதை மட்டும் படி. வேற எதையும் தொடாத. கொஞ்சம் புத்தகம் சரியா ஏறல. திறந்தா ரீடர் அப்படியே நின்னுடும்."

"உன் வேலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். "எங்கடி?" என்ற அம்மாவின் குரல் தெருமுனை வரை துரத்தியது. ஓடுகிற பஸ்ஸையே நிறுத்துகிற குரல். சுண்டு நிற்கவில்லை.

* * *

பரிசோதனைக் கூடத்தில் குளிரூட்டியின் முனகல். மேஜை நெடுகத் தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் தேதியும் தெருப் பெயரும் எழுதிய சீட்டு. அண்ணி வெள்ளைக் கோட்டில், விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு வட்டத் தட்டை வைத்துக் குனிந்திருந்தாள். தட்டில் பொட்டுப் பொட்டாகக் கிருமிக் கூட்டங்கள். ஒவ்வொன்றையும் பேனா முனையால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"இரு. எண்ணிட்டிருக்கேன்."

சுண்டு நின்றாள். எண்ணி முடித்து, தாளில் குறித்து, தட்டை மூடிய பிறகே அண்ணி நிமிர்ந்தாள். "என்ன, முகமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. அம்மாவுக்கு ஏதாவது?"

"அம்மா நல்லாருக்காங்க. நான்தான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னாள். கட்டம், டிக், முதல் பக்கம், எல்லாம். சொல்லும்போது பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணி பேனாவின் மூடியைப் போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"மொத்தம் எத்தனைன்னு எனக்குத் தெரியும். நீ எத்தனை படிச்ச?"

"ஏழு."

"ஏழோட ஏன் நிறுத்தின?"

"ஏழாவதுல உறை பத்தி இருந்துச்சு."

"அடுத்தவங்க லெட்டரை பிரிக்கக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரல?"

"சொல்லித் தந்தாங்க அண்ணி. முதல் ரெண்டு தெரியாம படிச்சது. மிச்சம் அஞ்சும் தெரிஞ்சேதான் படிச்சேன்."

இந்த ஒப்புதல் அண்ணியின் கோபத்தைக் கொஞ்சம் நிலைகுலைய வைத்தது. நாற்காலியைக் காலால் தள்ளி, உட்கார் என்பது போல் காட்டினாள்.

"அதுல போய் ஏன் எழுதினீங்க?"

"வேற எங்க எழுதச் சொல்ற? நோட்டு வெச்சா உங்கம்மா மளிகைச் சாமான் எழுத தாளைக் கிழிச்சிடுவாங்க. போன்ல எழுதினா அவரு லீவுல வந்தா என் போன்லதான் மேட்ச் பாக்கறாரு. அந்த வீட்ல எனக்குன்னு பூட்டற மாதிரி ஒரு டிராயர் இருக்கா, யோசிச்சுச் சொல்லு." சுண்டு யோசித்தாள். இல்லை. "நீ அந்தப் பக்கத்துப் பட்டைய மூடியே வெச்சிருப்ப. உனக்கு அட்டை பெருசா தெரியணும். அவரு லேப்டாப்பைத் தொட மாட்டாரு. அம்மாவுக்கு அது தூசு தட்டற சாமான். அதைவிடப் பத்திரமான இடம் பாங்க் லாக்கர்லகூடக் கிடைக்காதுன்னு நினைச்சேன்."

"நான் டிக் போட்டுட்டேன்."

"ஆமா. நீ டிக் போட்டுட்ட."

"அண்ணி, கோச்சுக்காதீங்க. அண்ணன் படிச்சாத்தான் என்ன? அந்தத் தபால்காரர் கதவு பத்தி எழுதியிருந்தீங்களே, அவ்வளவு அழகா... அதெல்லாம் அவன் படிக்கணும் அண்ணி. நான் படிச்ச நாவல்லகூட இந்த மாதிரி ஒரு..."

"சுண்டு." அண்ணியின் குரல் உயரவில்லை. "நாவல்ல அடுத்த அத்தியாயம் இருக்கும். இவரு சிக்னலே இல்லாத எடத்துல, ஒரு ஷிஃப்ட்டுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு, 'நீ வரும்போது நான் இருக்க மாட்டேன்'னு படிக்கறாருன்னு வெச்சுக்க. அப்புறம் எந்திரிச்சு வேலைக்குப் போவாரு. ஓடற இன்ஜினுக்குப் பக்கத்துல கை வெக்கற வேலை. யார்கிட்ட கேப்பாரு? யார்கிட்ட கத்துவாரு?"

இது சுண்டுவுக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாத்தையும் எடுத்துடணும்" என்றாள் அண்ணி, கோட்டைக் கழற்றியபடி. "அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

"முடியும். அந்த முப்பத்தொண்ண மட்டும் டிக் இல்லாம திருப்பி கன்வெர்ட் பண்ணணும். ரீடர்ல பழசை அழிச்சிட்டு புதுசை ஏத்தணும். ஒரு அரை மணி நேர வேலை. ஆனா அண்ணி, எடுத்துட்டா... நேர்ல சொல்லிடுவீங்கல்ல?"

"பத்து நாளா அதுக்குத்தான் வாயைத் திறக்கறேன். திறந்தா 'சாவி எங்க'ன்னு வருது."

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அண்ணியின் முகம் தெரிந்தது. எத்தனை நாட்டுப் பெண்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட கதையை உருகி உருகிப் படித்திருக்கிறேன், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவளை ஒரு வரிகூடப் படிக்கவில்லையே என்று சுண்டு நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவள் பேசியதே அதிகம்.

* * *

நாலேகால் மணிக்கு அண்ணன் ஒருவழியாக முத்திரையோடு வந்தான். ஏரிப் பிணத்தின் மைத்துனன்தான் கொலைகாரன் என்று பந்தயம் கட்டினான். ரீடரைச் சுண்டுவிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

சுண்டு கேபிளைச் செருகினாள். அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முப்பத்தொரு புத்தகங்களையும் தேர்ந்தெடுத்து, கட்டத்திலிருந்து டிக்கை எடுத்து, தொடங்கு என்று அமுக்கினாள். ஆசிரியர் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தன. ஒன்று முடிந்ததும் ரீடரில் இருந்த பழையது அழிந்து புதியது போய் உட்காரும். திரையின் மூலையில் எண் ஏறியது. மூன்று. நான்கு.

ஐந்தாவது தபால்காரர். அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுத்து மேஜைத் துணியின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு முடிந்தபோது பின்னால் சோப்பு வாசனை வந்தது.

"இன்னும் முடியலியா? பெட்டிய மூடணும்." துவாலையால் தலையைத் துவட்டிக்கொண்டு அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தான். "என்ன எழுதியிருக்கு? முதல் பக்கம் இல்லாமலா? ஏய், அதை ஏன் எடுக்கற? நல்லாத்தானே இருந்துச்சு!"

"அது வந்துண்ணா, சில புத்தகத்துல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா..."

"சுண்டு, எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்" என்றாள் அண்ணி. நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். "அந்தப் பக்கத்துல எல்லாம் நான் எழுதினது இருக்கு. உங்களுக்கு எழுதினது. நீங்க படிக்கறதுக்கு இல்ல."

அண்ணனின் கை துவாலையோடு தலையில் நின்றது.

"எனக்கு எழுதினது, நான் படிக்கறதுக்கு இல்லையா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"நாள் கணக்கெல்லாம் தெரியாது. முப்பத்தொரு புத்தகமா."

சுண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடி ஈரமாக இருந்தது. அந்தப் பிடியை விடாமலேதான் அடுத்ததைச் சொன்னாள்.

"மலையடிவார ஊர்ல புதுசா ஒரு கூடம். அதோட பொறுப்பை எனக்குத் தராங்க. திங்கக்கிழமை நான் சரின்னு சொல்லப்போறேன். நீ திரும்பி வரும்போது நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

வாய்விட்டு அந்த 'நீ' இந்த வீட்டில் கேட்டது இதுதான் முதல் தடவை. வெளியே வாளியில் சொட்டிய மழைச் சத்தம் சட்டென்று பெரிதாகிவிட்டது.

அண்ணன் துவாலையை இறக்கினான். "அப்ப அம்மாவ யாரு..."

"டேய்!" வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பெட்டியில் கட்ட வேண்டிய பெயர்ச்சீட்டு அவள் கையில். எப்போது வந்தாளோ. "என்னை எதுக்குடா இதுல ஏத்தற? முப்பது வருஷம் ஓடற வண்டில கம்பி புடிக்காம நின்னவ நான். என்னைத் தாங்க ஆள் போட்டது நீ. நான் கேட்டேனா?"

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான். அவளும் கேக்கல, நானும் கேக்கல. நீயா டிக்கெட் கிழிச்ச. ரெண்டு பேரும் ஏழு வருஷமா உன் சீட்டுல உக்காந்திருக்கோம்." சொல்லிவிட்டு, இனிமேல் இது என் எல்லையில்லை என்பது போல் பெயர்ச்சீட்டை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். டாக்சி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அண்ணன் உட்கார்ந்தான். முட்டியில் கைகளை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். எண்ணெய்க் கறை போகாத பெரிய கைகள்.

"வாரா வாரம் போன்ல பேசினோமே" என்றான்.

"மோட்டார் ரிப்பேர் பேசினோம். அம்மா கண் ஆபரேஷன் பேசினோம். அந்த ஊர்ல மழையா, இந்த ஊர்ல மழையான்னு பேசினோம்."

"நீ கேட்டிருந்தா நான் பேசியிருப்பேன்."

"நானும் அதையேதான் நினைச்சிட்டிருந்தேன். 'நீ கேட்டிருந்தா'ன்னு."

திரையில் பதின்மூன்றாவது புத்தகம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான்.

"சுண்டு, நிறுத்து. மிச்சத்தை எடுக்காத."

சுண்டு அண்ணியைப் பார்த்தாள். அது அவன் சொல்லி நிறுத்துகிற விஷயமில்லை என்பது இதற்குள் அவளுக்கு விளங்கியிருந்தது.

"கப்பல்ல படிக்கற விஷயம் இல்ல அது" என்றாள் அண்ணி. "அதுல நல்லதும் இருக்கு. உன்னைத் திட்டினதும் இருக்கு. அங்க போய் ராத்திரி பகலா அதையே நினைச்சிட்டு இன்ஜின்கிட்ட நிக்காத."

"கப்பலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. டாக்சிய நான் ஓட்டப்போறதில்ல. துறைமுகம் வரைக்கும் சிக்னலும் இருக்கு." அவன் நிமிர்ந்தான். "திட்டினதை நேர்ல கேக்கற தைரியம் எனக்கு இல்லன்னே வெச்சுக்க. படிக்கற தைரியம் இருக்கான்னு பாக்கறேன்."

வாசலில் அம்மா டிரைவரிடம் சொல்வது கேட்டது: "நான் ரைட் குடுத்தாத்தான் வண்டி நகரணும். அதுவரைக்கும் கைய ஹாரன்ல வெக்காதீங்க."

அண்ணி சுண்டுவின் மணிக்கட்டை விட்டாள். மவுஸை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். அம்புக்குறி திரையில் இங்கும் அங்கும் அலைந்தது. எண்ணிக்கொண்டிருப்பவளின் முகம் அது. பரிசோதனைக் கூடத்தில் பார்த்த அதே முகம். இடையில் பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும் என்று சுண்டு மூச்சுகூட விடவில்லை.

நிறுத்து என்பதன் மேல் அண்ணி அமுக்கினாள். பதின்மூன்றாவது பாதியிலேயே நின்றது.

"பத்தொம்பது இருக்கு" என்றாள்.

"எடுத்த பன்னெண்டு?"

"அதுக்கு நீ குடுத்து வெக்கல."

கேட்க உரிமையில்லை என்று தெரிந்தவனாக அவன் தலையை ஆட்டினான். கேபிளிலிருந்து ரீடரை அவனே கழற்றினான்.

புறப்பாடு இரண்டு நிமிஷத்தில் நடந்து முடிந்தது. பெட்டி டிக்கியில் ஏறியது. அம்மாவிடம் "வரேம்மா" என்றான். சுண்டுவின் தலையில் ஒரு தட்டு. அண்ணியின் எதிரே வந்தபோது கையிலிருந்த ரீடரை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

"ரைட்!" என்று அம்மா வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

தெரு காலியானது. மூவரும் உள்ளே வந்தார்கள். அம்மா தன்பாட்டுக்கு ரொட்டி நறுக்கினாள். அண்ணி மேஜையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நீள உறையை எடுத்து, முதல் தடவையாக எல்லாரும் பார்க்க மேஜை மேல் வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாள். பக்கத்தில் ரொட்டித் தட்டை வைத்தாள்.

"அந்த ஊர்ல குளுருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மலையடிவாரம்தானே. கொஞ்சம் குளுரும்."

கால் மணி நேரம் கழித்து அண்ணியின் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் அண்ணனின் படம். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"அண்ணி, அண்ணன்" என்றாள் சுண்டு, ஏதோ அவளுக்குத் தெரியாதது போல.

"தெரியுது."

"எடுங்க."

"கால் மணி நேரத்துல என்ன படிச்சிருப்பாரு? ரெண்டோ மூணோ." அண்ணி ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை. "பத்தொம்பதையும் படிக்கட்டும். அப்புறம் எடுக்கறேன்."

போன் ஓய்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து, வழவழப்பான மேஜையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணி அதைத் தொடவில்லை. ஆனால் விளிம்புக்குக் கீழே, விழுந்தால் பிடிக்கிற உயரத்தில், உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.